நோட்புக்எல்எம்மில் தேர்வுக் குறிப்புகள்: கோப்பைச் சரிசெய்வதிலிருந்து சுட்டெண்ணைச் சரிபார்ப்பது வரை

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் குரூப் 2, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் சிலர் கூடுவார்கள். அவர்களுக்கு நோட்புக்எல்எம் என்ற கூகுள் செயலியை, அதாவது நாம் ஏற்றும் கோப்புகளைப் படித்து அவற்றிலிருந்தே பதில் சொல்வதை, பழக்கிவிடும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். கைப்பேசியில் சேர்ந்துகிடக்கும் பிடிஎஃப் அத்தனையையும் ஒரே நோட்புக்கில், அதாவது செயலிக்குள் திறக்கும் ஒரே கோப்புறையில், கொட்டுவார்கள். முதல் வேலையாக ஒலி உரையாடல் பொத்தானை அழுத்துவார்கள். இரண்டாம் நாள், "சார், தமிழில் இது சரியாக வரவில்லை" என்று மூடிவைத்துவிடுவார்கள்.

கோளாறு பொத்தானில் இருப்பது அபூர்வம். கோப்புக்குள்தான் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பங்கு, செயலியிடம் முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது இந்திய அரசமைப்பு, உள்ளாட்சி ஆகிய இரண்டு பகுதிகளை. வரலாறோ அறிவியலோ படிக்கிறவர்களுக்கும் இதே முறைதான்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு கூகுள் கணக்கு, ஒரு கணினி, பாடக் கோப்புகள். கைப்பேசியிலும் இந்தச் செயலி உண்டு. படிக்க அது போதும். கோப்புகளைத் திருத்துவதற்கும் பெயர் மாற்றுவதற்கும் சின்னத் திரை சரிப்பட்டு வராது. சொந்தக் கணினி இல்லாவிட்டால் முதல் நாள் வேலைக்கு மட்டும் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியே போதும்.

இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 மூலங்கள் வரை ஏற்றலாம். ஏற்றும் ஒவ்வொரு கோப்பும், இணையப் பக்கமும் ஒரு மூலம். ஒரு மூலம் 5 லட்சம் சொற்களுக்குள், 200 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்குக் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் வரம்பு உண்டு. தேர்வுக்குப் படிப்பவருக்கு இந்த அளவு தாராளம். கட்டணத் திட்டத்துக்குப் போக அவசியமில்லை.

2. ஒரு பாடத்துக்கு ஒரு நோட்புக்

அரசமைப்புக்கு ஒன்று, தமிழக வரலாற்றுக்கு ஒன்று, பொருளாதாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திறந்துகொள்ளுங்கள். ஒரு நோட்புக்கில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. அந்தச் சுவர் நமக்கு நல்லதுதான். "சட்டத் திருத்தம்" என்று கேட்டால் பொருளாதாரப் புத்தகத்தின் வங்கிச் சட்டத் திருத்தம் வந்து குறுக்கே நிற்காது.

3. கோப்பில் இருப்பது எழுத்தா, படமா?

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிவதெல்லாம் கணினிக்குத் தமிழ் அல்ல. ஒவ்வொரு பிடிஎஃப்பையும் ஏற்றுவதற்கு முன் அதில் நடுவிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தைச் சோதிக்காதீர்கள். அட்டையை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டும்போது கீழே சொல்லும் நான்கில் ஏதாவது ஒன்று நடக்கும்.

தமிழ் அப்படியே வந்தால் அந்தக் கோப்பு நேரே ஆறாம் படிக்குப் போகலாம்.

எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். உள்ளே எழுத்தே இல்லை.

ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. "தமிழ்" என்று திரையில் தெரிந்த சொல், நோட்பேடில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று விழும். இது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி மாட்டிய காலத்து மிச்சம். பயிற்சி மையக் குறிப்புகளில் இன்றைக்கும் இது நிறையப் புழங்குகிறது.

நான்காவது வகைதான் ஆளை ஏமாற்றும். தமிழ் வந்ததுபோலவே இருக்கும். கூர்ந்து பார்த்தால் கொம்பு தனியே முன்னால் நிற்கும். "கொடி" என்பது "ெகாடி" என்று கிடக்கும். அச்சில் கொம்பு முதலில் வருகிறது என்பதால் கோப்பும் அதே வரிசையில் எழுத்தைச் சேமித்திருக்கிறது. இன்றைய கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு வர வேண்டும். கண்ணுக்குச் சின்னப் பிழை. செயலிக்கோ "கொடி" என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லாமல் போகிறது. ஒகரம், ஐகாரம் வரும் சொற்கள் எல்லாம் இப்படிச் சிதைந்தால் பாதிப் பாடம் காணாமல் போன மாதிரிதான்.

4. கெட்ட எழுத்தைச் சரிசெய்வது

ஸ்கேன் கோப்புக்கு வழி: கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் அதன்மேல் வலது சொடுக்கு செய்து, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்திலிருக்கும் தமிழை எழுத்தாக மாற்றித் தரும். பெரிய கோப்பை ஒரே மூச்சில் கொடுக்காமல் பாடம் பாடமாகப் பிரித்துக் கொடுங்கள். 2 எம்பிக்குள் இருப்பது நல்லது என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் நேராக்குங்கள்.

மாற்றி முடித்ததும் எண்களைப் பாருங்கள். எழுத்துப் பிழையைச் சூழலைக் கொண்டு செயலி ஊகித்துவிடும். எண் பிழையை ஊகிக்க வழியே இல்லை. மங்கலான ஸ்கேனில் 73 என்பது 78 ஆகிவிட்டால், 73ஆவது திருத்தம் பற்றிக் கேட்கும்போது அந்தப் பக்கம் வாயே திறக்காது. ஆண்டு, பிரிவு எண், அட்டவணை எண் இந்த மூன்றையும் அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும். மற்றப் பிழைகளை விட்டுவிடலாம். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் நடக்கும் குழப்பத்தை ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தால் தேர்வு முடிந்துவிடும்.

பழைய எழுத்துருவுக்கு மாற்றிகள் உள்ளன. என்எச்எம் கன்வெர்ட்டர் நான் வெகுநாளாகப் பயன்படுத்துவது. இணையத்திலேயே ஒட்டி மாற்றும் பக்கங்களும் உண்டு. உங்கள் கோப்பின் எழுத்துரு முறை பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில் ஆகியவற்றில் எது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரு வரியை ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில்தான் தமிழாக விழும்.

கொம்பு பிரிந்த கோப்புக்கு எளிய வழி, அதையும் ஸ்கேன்போலவே நடத்துவது. பக்கங்களைப் படமாகச் சேமித்து, படத்தைக் கூகுள் டாக்ஸில் திறந்துவிடுங்கள். எழுத்தைப் படமாக்கி மறுபடி எழுத்தாக்குவது வேடிக்கையாகத் தோன்றும். ஆனாலும் கொம்பைக் கையால் நகர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

"ஸ்கேன் கோப்பையே ஏற்றினேன், பதில் வந்ததே" என்று சிலர் வாதாடுவார்கள். வரும்தான், செயலி சில பக்கங்களைத் தானே படித்துக்கொள்கிறது. எந்தப் பக்கத்தைப் படித்தது, எதை விட்டது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

5. கையெழுத்துக் குறிப்புகள்

நோட்டுப் புத்தகத்தைப் படம்பிடித்து ஏற்ற ஆசையாக இருக்கும். நம் அவசரக் கையெழுத்து நமக்கே மூன்று மாதம் கழித்துப் புரிவதில்லை. நான் சொல்லிக்கொடுப்பது வேறு: கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகையின் ஒலிவாங்கியைத் தமிழில் வைத்துக்கொண்டு, குறிப்புகளை வாய்விட்டுப் படியுங்கள். கூகுள் டாக்ஸில் எழுத்தாக விழும். நிறுத்தற்குறிகள் சரியாக வராது, போகட்டும். எண்களை மட்டும் பிறகு சரிபாருங்கள். இதில் ஒரு மறைமுக லாபம், பாடத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் ஆகிவிட்டது.

6. பெயர் வைத்து ஏற்றுங்கள்

எந்தப் பதில் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை, நீங்கள் வைத்த கோப்புப் பெயரைக் கொண்டுதான் செயலி காட்டும். "ஸ்கேன் 14", "புதியது இறுதி 2" என்று ஏற்றிவைத்தால் பிறகு எதை நம்புவது? பாடம், வகை, ஆண்டு மூன்றும் பெயரில் இருக்கட்டும்: "உள்ளாட்சி – பாடநூல் – 2023 பதிப்பு", "உள்ளாட்சி – என் குறிப்பு – 2021".

முழுப் புத்தகத்தை ஒரே மூலமாக ஏற்றாமல் பாடவாரியாகப் பிரித்து ஏற்றுங்கள். 50 மூலங்கள் இருக்கின்றன, கஞ்சத்தனம் வேண்டாம். ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்பது எட்டாம் படியில் தெரியும்.

ஏற்றியதும் இடப்பக்கப் பட்டியலில் அந்த மூலத்தின் பெயரைச் சொடுக்குங்கள். செயலி உள்வாங்கிய எழுத்து அப்படியே திறக்கும். இரண்டு திரை அளவுக்கு உருட்டிப் பாருங்கள். இங்கே கெட்டிருந்தால் மேலே போகாதீர்கள்.

இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அதிலுள்ள எழுத்து மட்டுமே வரும். பக்கத்துக்குள் பதித்த படங்களில் இருக்கும் அட்டவணை வராது. யூடியூப் வகுப்பைக் கொடுத்தால் அதன் பேச்சு வரிவடிவம்தான் வரும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதும் "இதை நோட் செய்துகொள்ளுங்கள்" என்று விரலால் காட்டியதும் வராது. கணக்குப் பாடத்துக்கு யூடியூப் மூலம் கிட்டத்தட்டப் பயனற்றது.

7. எந்த மூலத்துக்கு டிக், எதற்கு வேண்டாம்

ஒவ்வொரு மூலத்தின் பக்கத்திலும் ஒரு கட்டம் இருக்கும்; ஏற்றும்போது எல்லாவற்றிலும் டிக் விழுந்திருக்கும். டிக் இருக்கும் மூலங்களிலிருந்து மட்டுமே பதில் வரும். இந்தக் கட்டத்தைத் தொடாமலே ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு.

அதனால் என்ன ஆகும் என்பதை ஒரு தங்கை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். அடிப்படைக் கடமைகள் எத்தனை என்று கேட்டார். 10 என்று வந்தது. சற்று நேரம் கழித்து வேறு சொற்களில் கேட்டார். 11 என்று வந்தது. செயலி உளறுகிறது என்பது அவர் கட்சி. இரண்டு பதிலையும் திறந்து பார்த்தோம். 1976இல் 42ஆவது திருத்தம் சேர்த்த 10 கடமைகளைச் சொல்வது அவருடைய அத்தையின் பழைய வழிகாட்டி நூல். 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைக்குப் பெற்றோர் கல்வி வாய்ப்பு அளிக்க வேண்டும் என்ற 11ஆவது கடமையை 86ஆவது திருத்தம் 2002இல் சேர்த்தது. அதைச் சொல்வது புதிய பாடநூல். செயலி இரண்டு முறையும் கொடுத்ததைத்தான் படித்தது.

பழைய நூலை நீக்க வேண்டியதில்லை, டிக்கை எடுத்தால் போதும். முதலில் பாடநூலுக்கு மட்டும் டிக் வைத்துக் கேளுங்கள். பிறகு உங்கள் குறிப்புக்கு மட்டும் வைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். எங்கே முரண்படுகிறதோ அங்கே உங்கள் குறிப்பைத் திருத்த வேண்டும். தமிழ்நாட்டுக் கிராம சபைக் கூட்டம் ஆண்டுக்கு 4 என்று பழைய குறிப்பில் இருக்கும். மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து இப்போது 6. இப்படி மாறிப்போன செய்திகளைப் பிடிக்க இதைவிட நல்ல வலை எனக்குத் தெரியாது.

8. கேள்வி கேட்பது

முதலில் அமைப்புகளில் வெளியீட்டு மொழியைத் தமிழாக்குங்கள். அடுத்து, உரையாடலைத் தகவமைக்கும் இடத்தில் நிலையான கட்டளை ஒன்றை எழுதிவையுங்கள். நான் எழுதிவைத்திருப்பது இது: "மூலத்தில் உள்ள கலைச்சொற்களை மாற்றாமல் பயன்படுத்து. ஆண்டு, பிரிவு எண், திருத்த எண் ஆகியவற்றை மூலத்தில் உள்ளபடியே கொடு. மூலத்தில் இல்லாததை இல்லை என்று சொல்."

கலைச்சொல்லைப் பற்றி ஏன் இவ்வளவு கறார்? விட்டால் செயலி "சமதர்ம" என்பதை "சோசலிச" என்றும், "மதச்சார்பற்ற" என்பதை "சமயச் சார்பற்ற" என்றும் தன் விருப்பத்துக்கு மாற்றும். பொருள் ஒன்றுதான். ஆனால் தேர்வறையில் நான்கு விடைகளைப் பார்க்கும்போது பழகிய சொல்தான் சட்டென்று கண்ணில் படும்.

கேள்வியைச் சிறிதாக வெட்டுங்கள். "உள்ளாட்சி பற்றி எல்லாம் சொல்" என்பது கேள்வியே இல்லை. "73ஆவது திருத்தம் எந்த அட்டவணையைச் சேர்த்தது, அதில் எத்தனை பொருள்கள், எந்தப் பிரிவோடு தொடர்புடையது?" என்று கேளுங்கள். பதினொன்றாம் அட்டவணை, 29 பொருள்கள், பிரிவு 243ஜி என்று வரும். பிறகு 74ஆவது திருத்தத்துக்கு இதையே தனியாகக் கேளுங்கள்: பன்னிரண்டாம் அட்டவணை, 18 பொருள்கள். இரண்டும் தனித்தனியே கைக்கு வந்த பிறகு, ஒப்பிட்டு அட்டவணை போடச் சொல்லுங்கள்.

"எல்லாத் திருத்தங்களையும் பட்டியலிடு" போன்ற கேள்விகளில் கவனம். மூலங்கள் பெரிதாக இருந்தால், கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் பகுதிகளைத் தேடி எடுத்துத்தான் பதில் அமைகிறது. கண்ணில் பட்ட ஒன்பதைச் சொல்லிவிட்டு நிறுத்தும். பத்தாவது விட்டுப்போனதாக எந்த அறிகுறியும் இருக்காது. பாடவாரியாகப் பிரித்து ஏற்றச் சொன்னது இதற்காகத்தான். ஒரு பாடத்துக்கு மட்டும் டிக் வைத்துப் பட்டியல் கேளுங்கள், அடுத்த பாடத்துக்கு நகருங்கள், கடைசியில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. சுட்டெண்ணைச் சொடுக்குங்கள்

பதிலின் வரிகளுக்குப் பக்கத்தில் சின்ன எண்கள் இருக்கும். அதைச் சொடுக்கினால் மூலத்தில் அந்தப் பத்தி திறந்து, குறிப்பிட்ட இடம் நிறமிட்டுத் தெரியும். இந்தச் செயலியில் எனக்குப் பிடித்ததும், புதியவர்கள் தொடாமல் போவதும் இதுதான்.

எல்லா எண்ணையும் சொடுக்க நேரமிருக்காது. மூன்று வகை வரிகளை மட்டும் விடாதீர்கள்: எண் உள்ள வரி, "மட்டும்", "எப்போதும்", "முதன்முதலாக" என்று அறுதியிட்டுச் சொல்லும் வரி, சுட்டெண்ணே இல்லாத வரி. கடைசி வகையைக் கண்டால் "இந்த வரிக்கு ஆதாரம் எந்த மூலத்தில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். இல்லை என்றால் அடித்துவிடுங்கள்.

சுட்டெண் இருந்தாலே சரி என்றும் எண்ணிவிட வேண்டாம். மூலத்தில் "24 ஏப்ரல் 1993 முதல் நடைமுறைக்கு வந்தது" என்று இருக்கும். பதிலில் "1993இல் நிறைவேறியது" என்று வந்திருக்கும். சுட்டெண் சரியான பத்தியைத்தான் காட்டும், ஆனால் நிறைவேறியது வேறு, நடைமுறைக்கு வந்தது வேறு. 73ஆவது திருத்தத்தை 1992 என்றும் 1993 என்றும் மாற்றி மாற்றிப் படித்துக் குழம்புகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

10. சேமிப்பது, அதில் ஒரு கண்ணி

சரிபார்த்த பதிலை மட்டும் குறிப்பாகச் சேமியுங்கள். சரிபார்க்காததைச் சேமித்தால் ஒரு வாரம் கழித்து அது வேதவாக்காகத் தோன்றும்.

நீங்களே எழுதும் குறிப்பை, அது நோட்புக்கில் இருக்கிறது என்பதற்காக, செயலி படித்துப் பதில் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதை மூலமாக மாற்றினால்தான் கணக்கில் வரும். அதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது.

கண்ணி அந்தப் பொத்தானில்தான். செயலி கொடுத்த பதிலைச் சேமித்து, அதையே மூலமாக மாற்றிவிட்டால், அடுத்த முறை தான் சொன்னதற்குத் தானே சாட்சி சொல்லும். சுட்டெண் கம்பீரமாக நிற்கும்; சொடுக்கினால் அதன் பழைய பதிலே திறக்கும். உங்கள் கையால் எழுதிய குறிப்பை மட்டும் மூலமாக்குங்கள். அதன் பெயரிலும் "என் குறிப்பு" என்று இருக்கட்டும்.

11. வினாடி வினா, ஒலி உரையாடல்

ஸ்டூடியோ பகுதியில் வினாடி வினாவும் நினைவு அட்டைகளும் செய்யலாம். பாடம் பாடமாக டிக் மாற்றிச் செய்யுங்கள். தவறான விடைகள் சில நேரம் சிரிப்பு வருமளவுக்கு எளிதாக இருக்கும். "தவறான விடைகளும் அதே பாடத்தில் வரும் ஆண்டுகளாகவோ எண்களாகவோ இருக்கட்டும்" என்று சேர்த்துக் கேட்டால் கொஞ்சம் கடினமாகும்.

இருவர் பேசிக்கொள்வதுபோன்ற ஒலி உரையாடல் 2025 ஏப்ரலிலிருந்து தமிழிலும் கிடைக்கிறது. பஸ்ஸில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலியில் சுட்டெண் கிடையாது. காதில் விழுந்த தவறை நிறுத்திச் சொடுக்கிப் பார்க்க முடியாது. எனவே பாடத்தை மேலே சொன்னபடி ஒருமுறை முடித்தவர், நினைவூட்டிக்கொள்ளக் கேட்கட்டும். அப்போது தவறு வந்தால் காதே உறுத்தும்.

12. நண்பர்களோடு பகிர்வது

நோட்புக்கைப் பகிரும்போது பார்வையாளர் அனுமதியே போதும். திருத்தும் அனுமதி கொடுத்தால், நல்ல எண்ணத்தோடு யாராவது இருபது கோப்புகளை ஏற்றிவைத்துவிடுவார்கள். மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். உங்கள் உரையாடல் அவர்களுக்குத் தெரியாது, அவர்களுடையது உங்களுக்குத் தெரியாது. மூலங்களும் குறிப்புகளும் பொது. விலை கொடுத்து வாங்கிய நூலின் பிரதியை ஊருக்கெல்லாம் பகிர்ந்துவிடாதீர்கள்.

தனிப்பட்ட ஆவணம் எதையும், அதாவது ஆதார் நகல், சான்றிதழ், விண்ணப்பப் படிவம் போன்றவற்றை, மூலமாக ஏற்றவே வேண்டாம். ஏற்றுவதைக் கொண்டு தன் மாதிரிகளைப் பயிற்றுவிப்பதில்லை என்று கூகுள் சொல்கிறது. ஆனால் பதிலுக்குக் கீழே இருக்கும் கட்டைவிரல் குறியை அழுத்திக் கருத்து அனுப்பினால், சாதாரணக் கணக்கில் உங்கள் கேள்வியையும் ஏற்றிய கோப்பையும் அங்குள்ள ஆட்கள் பார்க்க நேரலாம். எங்கள் குழுவில் ஒரு தம்பி நல்ல பதில் வரும்போதெல்லாம் மரியாதைக்காக அதை அழுத்திக்கொண்டிருந்தார்.